உறவில்லாத மாப்பிள்ளை தேவை

2023 ஜூலை 2ஆம் திகதி காலை, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஒரு சரக்கு விமானம் கிளம்பியது. அதில் போன முக்கியமான பயணிக்கு ஆசனமும் இல்லை, ஆசனப்பட்டியும் இல்லை. பெரிய இரும்புக் கூண்டுக்குள் நின்றபடியே போனார். வயது 29. நிறை ஏறக்குறைய 4,000 கிலோ. பெயர் முத்துராஜா. தாய்லாந்து 2001இல் இலங்கைக்குப் பரிசாகக் கொடுத்த கொம்பன் யானை அவர். இங்கே இருந்த காலத்தில் முன்னங்கால் ஒன்று மடக்க முடியாமல் விறைத்துப் போயிற்று. தெகிவளை மிருகக்காட்சிசாலையில் சில மாதம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு தாய்லாந்தே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. காலையில் இங்கே ஏறியவர், அன்று மத்தியானமே சியாங் மாய் நகரத்தில் இறங்கிவிட்டார்.

பிள்ளைகளே, வன்னியில் இருக்கிற எங்களுக்கு யானை என்றால் நடந்து வருகிற மிருகம். இரவில் தோட்டத்துக்கு வரும், வாழையைச் சாய்க்கும், வெடி போட்டால் காட்டுக்குத் திரும்பும். அது விமானம் ஏறிப் போகிறது என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் உலகம் முழுவதும் மிருகக்காட்சிசாலைகளுக்கும் சஃபாரி பூங்காக்களுக்கும் இடையில் மிருகங்கள் ஓயாமல் பயணம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. முத்துராஜா போனது வைத்தியத்துக்கு. மற்றப் பயணங்களில் பலவற்றுக்குக் காரணம் கலியாணம்.

2012இல் பின்னவல யானை அநாதை இல்லத்திலிருந்து இரண்டு இளம் பெண் யானைகள் செக் நாட்டின் தலைநகரான பிராக் போய்ச் சேர்ந்தன. ஒன்று ஜனிதா, மற்றது தமாரா. பனி கொட்டுகிற ஊர் அது. நாலு வருடம் கழித்து, 2016இல், இரண்டுமே அங்கே குட்டி ஈன்றன. 2020இலும் ஆளுக்கொரு குட்டி. இங்கே இருந்திருந்தாலும் குட்டி ஈன்றிருக்குமே, எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடைக்குப் போகுமுன் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

தெகிவளை மிருகக்காட்சிசாலையைத் தொடங்கியவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மன்காரர். இலங்கையில் யானை முதலான மிருகங்களைப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்புவது அவருடைய தொழில். கப்பல் ஏறும்வரை மிருகங்களை வைத்திருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அது பிறகு மிருகக்காட்சிசாலையாக வளர்ந்தது. அவருடைய கம்பனி நொடித்துப்போக, 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. அந்தக் காலத்து மிருகக்காட்சிசாலைகளில் கணக்கு மிகச் சுருக்கம். ஒரு புலி செத்தால் காட்டிலிருந்து இன்னொன்று பிடித்து வருவார்கள். காடு வற்றாத கிணறு என்று நினைத்த காலம் அது. 1975இல் அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஆசிய யானை, புலி போன்றவற்றை நினைத்தபடி நாடுவிட்டு நாடு கொண்டுபோக இனி முடியாது. ஆகவே மிருகக்காட்சிசாலைகள் தங்களிடம் இருக்கிற மிருகங்களிலிருந்துதான் அடுத்த தலைமுறையை உண்டாக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கின்றன. குட்டிகள் பிறக்கின்றன. அந்தக் குட்டிகள் வளர்ந்தால் யாரோடு சோடி சேரும்? வேலிக்குள் இருப்பதெல்லாம் கூடப்பிறந்தவைதானே!

கூடப்பிறந்தவை சோடி சேர்ந்தால் என்ன கெடுதி? எங்கள் உடம்பை எப்படிக் கட்டுவது என்ற குறிப்புகள் மரபணுக்களில் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. ஒரு பிரதியில் பிழை இருந்தாலும் பல வேளைகளில் மற்றப் பிரதி நல்லதாக இருந்து வேலையை நடத்திவிடும். பிழை ஒளிந்தே கிடக்கும். அம்மாவும் அப்பாவும் நெருங்கிய சொந்தமானால், இருவருக்கும் ஒரே பாட்டாவிடமிருந்து ஒரே பிழை வந்திருக்கக்கூடும். அப்போது குட்டிக்கு இரண்டு பிரதியுமே பிழையாக அமையலாம். அண்ணனும் தங்கையும் சோடி சேர்ந்து பிறக்கும் குட்டியில், எந்த ஒரு குறிப்பை எடுத்தாலும் இரண்டு பிரதியும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சானும் மச்சாளுமானால் பதினாறில் ஒரு பங்கு. (எங்கள் ஊர்களில் மச்சான் மச்சாள் கலியாணம் உண்டுதானே! அதனால்தான் வைத்தியர்கள் இப்போது அதைப் பற்றிக் கேட்டு விசாரிக்கிறார்கள்.) ஒருமுறை நடந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். தலைமுறை தலைமுறையாக நடந்தால் குட்டிகள் நோஞ்சானாகும், பிறந்ததும் சாகும், கடைசியில் குட்டியே தரிக்காது.

வெள்ளைப் புலிகளின் கதை இதற்குப் பொருத்தம். இந்தியாவில் ரேவா என்ற இடத்துக் காட்டில் 1951இல் ஒரு வெள்ளைப் புலிக்குட்டி பிடிபட்டது. மோகன் என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த மோகனைப் பேகம் என்ற சாதாரண பெண்புலியோடு சேர்த்தபோது பிறந்ததெல்லாம் செம்மஞ்சள் குட்டிகளே. வெள்ளை நிறத்துக்கான குறிப்பு இரண்டு பிரதியாக வந்தால்தானே வெள்ளை தெரியும்! அதற்காக மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958 ஒக்டோபரில் நாலு குட்டி, நாலும் வெள்ளை. பார்க்கச் சனம் திரண்டது. உலகெங்கும் காட்சிக்கு நிற்கும் வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மூதாதை இந்த மோகன்தான். நிறத்தை விடாமல் வைத்திருக்க மறுபடி மறுபடி சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். குட்டிச் சாவு, கோணிய முதுகெலும்பு என்று எத்தனையோ குறைகள் பின்னால் வந்தன. மாறுகண்ணும் உண்டு, அது அந்த வெள்ளை நிறக் குறிப்போடு ஒட்டி வருவது. என்னைக் கேட்டால், மிருகக்காட்சிசாலையில் வெள்ளைப் புலிக்கு முன்னால்தான் அதிகக் கூட்டம் நிற்கிறது என்பது கொஞ்சம் கவலையான விஷயம்.

சரி, இதைத் தடுக்க என்ன வழி? கலியாணத் தரகர் கையில் ஒரு கொப்பி வைத்திருப்பார். யார் பிள்ளை, எந்த ஊர், அம்மம்மா யார், முன்னர் எங்கே சம்பந்தம் என்றெல்லாம் அதில் இருக்கும். மிருகங்களுக்கும் அப்படி ஒரு கொப்பி உண்டு, வம்சப் பதிவேடு. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓர் இலக்கம், தாய், தகப்பன், பிறந்த திகதி, பிறந்த இடம், எந்த ஆண்டில் எங்கே மாறியது, எப்போது செத்தது எல்லாம் அதில் பதியப்படும்.

காட்டு மிருகம் ஒன்றுக்கு முதன்முதலில் இப்படி அச்சிட்ட பதிவேடு வந்தது 1932இல். அது ஐரோப்பிய காட்டெருதுக்கு. முதலாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் வேட்டையாடி, 1927 ஆகும்போது காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிருகக்காட்சிசாலைகளிலும் தனியார் வேலிகளிலும் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் 50 சொச்சம்தான் இருந்தன. அவற்றிலும் 12 மட்டுமே இன்றைய சந்ததிக்கு மூலம். அந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சோடி சேர்த்தார்கள். 1952இல் போலந்தின் பியவோவியேஷா காட்டில் மறுபடி திறந்துவிட்டார்கள். இன்று 7,000க்கு மேல் இருக்கின்றன.

தரகருக்கும் இந்தக் கொப்பிக்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். தரகர் 'நல்ல பெரிய குடும்பம், நிறையச் சொந்தக்காரர்' என்று சொல்லி மாப்பிள்ளையை உயர்த்துவார். கொப்பிக்காரர் தலைகீழ். சொந்தக்காரர் இல்லாத மாப்பிள்ளைதான் அவருக்கு வேண்டும்! இப்போது இருக்கிற மிருகங்கள் அத்தனையோடும் ஒவ்வொரு மிருகத்துக்கும் எவ்வளவு உறவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். முன்பு கையால் செய்த வேலை. இன்று கணினி செய்கிறது. யாருக்குச் சராசரி குறைவோ அவரிடம் மற்றவர்களிடம் இல்லாத மரபணுப் பிரதிகள் இருக்கும். அவர் குட்டி விடாமல் செத்தால் அந்தப் பிரதிகளும் அவரோடு போய்விடும். பட்டியலில் அவருக்குத்தான் முதலிடம். நூறு வருடம் கழிந்தாலும் தொடக்கத்தில் இருந்த மரபணு வகைகளில் 90 வீதமாவது மிஞ்சவேண்டும் என்பது பல திட்டங்களின் இலக்கு. பிள்ளைகுட்டி நிறைந்த பெரிய குடும்பத்து ஆணுக்கு 'போதும்' என்று எழுதித் தனியே விட்டுவிடுவதும் உண்டு.

இப்போது பின்னவலயை நினைத்துப் பாருங்கள். அங்கே யானைகள் எப்படி வந்தன? தாயை இழந்த குட்டிகளுக்காக அந்த இடத்தை ஏற்படுத்தினார்கள். முதலில் வில்பத்துக் காட்டில் வைத்திருந்தார்கள், பிறகு பெந்தோட்டை, பிறகு தெகிவளை, கடைசியாக 1975இல் மா ஓயா ஆற்றங்கரையில் இருந்த பின்னவலத் தென்னந்தோட்டம். ஐந்து குட்டிகளோடு தொடங்கியது. கிணற்றில் விழுந்த குட்டி ஓர் ஊரிலிருந்து, தாய் வெடிபட்டுச் செத்த குட்டி இன்னோர் ஊரிலிருந்து என்று வெவ்வேறு காடுகளிலிருந்து வந்த அநாதைகள். ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. நாங்கள் 'ஐயோ பாவம்' என்கிறோம். கொப்பிக்காரரோ அவற்றைத்தான் தேடித் திரிகிறார்! 1982இல் அங்கே இனப்பெருக்கத் திட்டம் தொடங்கி, 1984இல் முதல் குட்டி பிறந்தது. தாய் குமாரியும் தகப்பன் விஜயாவும் அந்த முதல் ஐந்து அநாதைகளில் இரண்டு. யானை சூல் கொண்டு குட்டி ஈன 22 மாதம் எடுக்கும். பிறக்கும்போதே குட்டி ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். 2021 ஓகஸ்ட் 31இல் பின்னவலயில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி ஈன்றது. இரண்டும் ஆண். இலங்கையில் அதற்கு முன் இரட்டை யானை பிறந்தது 1941இல் என்கிறார்கள்.

ஐரோப்பாவில் இருக்கிற யானைகள் பல தங்களுக்குள் சொந்தம். ஜனிதாவும் தமாராவும் அங்கே போனபோது புதுப் பிரதிகளோடு போனார்கள். இரண்டு பேராகப் போனதற்கும் காரணம் உண்டு. பெண் யானை தனியே வாழாத மிருகம். தாய், சித்தி, பேத்தி என்று கூட்டமாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் பிரித்து அனுப்பினால் வாடிப்போகக்கூடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. கற்பனையான ஒரு பூங்காவில் ஒரு பெண் சிறுத்தை இருக்கிறது. மூன்று மாப்பிள்ளைகள். முதலாவது ஆள் நல்ல வாட்டசாட்டம், வேறு வேறு இடங்களில் பதினொரு குட்டிகள். இரண்டாவது, அவருடைய மகன், இன்னும் அழகு. மூன்றாவது ஆள் காட்டோரத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிக் காப்பாற்றப்பட்டவர். ஒரு கண் இல்லை, பின்னங்காலை இழுத்து நடப்பார், குட்டி எதுவும் இல்லை. யாரைத் தெரிவு செய்வீர்கள்?

மூன்றாவது ஆளைச் சொன்னவர்களுக்கு முழுப் புள்ளி. கண்ணும் காலும் போனது சுருக்கால். மரபணுவில் அது எழுதப்படுவதில்லை. பின்னவலயில் சாமா என்றொரு யானை இருந்தது. குட்டியாக இருக்கும்போது கண்ணிவெடியில் முன்காலின் அடிப்பகுதி போய்விட்டது. மூன்று காலில் நடந்தே வளர்ந்தது. சாமாவுக்குக் குட்டி பிறந்தால் அதற்கு நாலு காலும் இருக்கும். வன்னிப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பொய்க்கால் போட்டு நடக்கிற அப்பாவின் பிள்ளை பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் முதலாவதாக வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சொந்தமில்லாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பஞ்சாபில் சத்பீர் மிருகக்காட்சிசாலையில் ஆசியச் சிங்கங்களோடு, சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களைச் சேர்த்துவிட்டார்கள். உறவு தூரம்தான், ஆனால் அளவுக்கு மிஞ்சிய தூரம். ஆசியச் சிங்கம் உலகத்தில் காட்டிலே வாழ்வது குஜராத்தில் கிர் பகுதியில் மட்டும். கலப்புக் குட்டிகளைக் கிர் காட்டின் இருப்பாக வைத்திருக்க முடியாது. கடைசியில் அந்தச் சிங்கங்களுக்கெல்லாம் குட்டி பிறக்காதபடி சிகிச்சை செய்து, வயது முடியும்வரை வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் 1987இல் மரபணுச் சோதனை செய்தபோது அவர்களுடைய 'ஆசியச் சிங்கங்களின்' மூதாதைகளில் ஆப்பிரிக்கச் சிங்கம் கலந்திருப்பது தெரிந்து, முழுத் திட்டத்தையும் நிறுத்தினார்கள்.

இலங்கைச் சிறுத்தையும் தனி உள்ளினம். வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. எங்கள் காடுகளில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. சிறுத்தைதான் பெரிய வேட்டை மிருகம். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்த, சனம் அதை அடித்துக் கொன்றது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அந்தச் சிறுத்தையின் இனத்தார் சில பத்துப் பேர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? பிரான்சின் நோர்மண்டியில் செர்சா என்ற பூங்காவில் 2013இல் இரண்டு இலங்கைச் சிறுத்தைக் குட்டிகள் பிறந்தன. இவர்களுக்கென்று தனிப் பதிவேடு உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரு நாட்டில் பிறந்தது இன்னொரு நாட்டுக்கு மாப்பிள்ளையாகப் போக வேண்டியிருக்கிறது.

போவது எப்படி? கட்டிப்போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைக்க வேண்டாம். பயணக் கூண்டை வாரக்கணக்கில் முன்னரே மிருகத்தின் இருப்பிடத்துக்குள் வைத்துவிடுவார்கள். கதவு திறந்தே இருக்கும். முதல் நாள் கூண்டு வாசலில் சாப்பாடு. பிறகு ஓரடி உள்ளே. பிறகு இன்னும் உள்ளே. கடைசியில் மிருகம் தானாகவே போய்ப் படுத்து உறங்கத் தொடங்கும். அப்புறம் ஒருநாள் கதவு மூடப்படும். முத்துராஜாவையும் கூண்டுக்குப் பழக்கிய பிறகுதான் ஏற்றினார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு இன்னொரு கரைச்சல். வளர்ந்த பிறகு பாலத்துக்குக் கீழால் லொறி போக முடியாது. ஆகவே குட்டிப் பருவத்திலேயே அனுப்பிவிடுவார்கள்.

மயக்க ஊசி போட்டால் சுகமாயிற்றே என்பீர்கள். யானையிடம் அது விளையாட்டல்ல. மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய இடைவெளி இருக்கும். யானைக்கு அந்த இடம் இணைப்பு இழையத்தால் நிரம்பி, நுரையீரல் சுவரோடு ஒட்டியே இருக்கும். நெஞ்சு நிலத்தில் அழுந்தும்படி யானை விழுந்தால் அவ்வளவு பாரமும் அழுத்த, மூச்சுவிட முடியாமல் சாகலாம். ஆகவே, முடிந்தவரை நின்றபடியே மயங்கும் அளவுக்கு மருந்து கொடுப்பார்கள். விழுந்துவிட்டால் பக்கவாட்டில் சரித்துப்போட ஓடுவார்கள். தும்பிக்கை நுனி மடங்கி மூச்சு அடைபடாமல் இருக்க, ஒரு சின்னக் குச்சியை நுனித் துவாரத்தில் முட்டுக்கொடுத்து வைப்பதும் உண்டு. அவ்வளவு பெரிய உருவத்தின் உயிர் ஒரு விரல் நீளக் குச்சியில்!

கிளம்புமுன் வைத்தியச் சோதனை. யானைக்கும் மனிதனைப் போலக் காசநோய் வரும். அதைப் பார்க்கத் தும்பிக்கைக்குள் சுத்தமான உப்புநீரை ஊற்றி, தும்பிக்கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பிறகு ஒரு பைக்குள் ஊதச் சொல்லுவார்கள். பழகிய யானை ஒழுங்காக ஊதும். பழகாதது வைத்தியர் முகத்தில் ஊதும். இப்படி மூன்று வெவ்வேறு நாள் எடுத்தால்தான் சோதனை சரி. தோலுக்கடியில் நெல்மணி அளவு ஓர் இலத்திரனியல் சில்லு வைப்பார்கள்; அதில் இருக்கும் இலக்கம்தான் ஆள் அடையாளம். போய்ச் சேர்ந்த இடத்திலும் உடனே கூட்டத்தோடு விடமாட்டார்கள். பல நாள் தனியே வைத்து, நோய் ஒன்றும் இல்லையென்று உறுதியான பிறகே அடுத்த கட்டம்.

அடுத்தது பெண் பார்க்கும் படலம். இங்கே கணினி உதவாது. முதலில் வாசனையை அனுப்புவார்கள். இதன் படுக்கை வைக்கோலை அதன் கூட்டில் போடுவார்கள், அதனுடையதை இங்கே. பிறகு கம்பி வலைக்கு இருபுறமும் விட்டுப் பார்ப்பார்கள். புலிகளுக்கு ஒன்றையொன்று பிடித்துப்போனால் மூக்கால் 'புர்ர்' என்று மெல்ல ஊதும். அது நல்ல அறிகுறி. அப்படியும் தவறலாம். 2019 ஜனவரி இறுதியில் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு டென்மார்க்கிலிருந்து அசிம் என்ற சுமத்திராப் புலி வந்தது. கொப்பியின்படி மெலாட்டி என்ற பெண்புலிக்கு மிகப் பொருத்தமான சோடி. பத்து நாள் வேலிக்கு இருபுறமும் வைத்து, நல்ல அறிகுறிகள் தெரிந்த பிறகே கதவைத் திறந்தார்கள். சண்டை மூண்டு, பிரிக்குமுன் அசிம் மெலாட்டியைக் கொன்றுவிட்டது. எல்லாம் முறைப்படி நடந்தும் இப்படி ஆயிற்று.

சில உயிர்களுக்குச் சோடி மட்டும் இருந்தால் ஆகாது. சுண்டிக்குளத்துக்கும் மன்னார் வங்காலைப் பக்கத்துக்கும் மாரி காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கில் ஒன்றாக நிற்கும். ஓர் ஆண், ஒரு பெண் என்று ஒரு கூட்டில் வைத்தால் முட்டை இடுவது மிக அரிது. சுற்றிலும் பெருங்கூட்டம் இருந்து, எல்லாம் சேர்ந்து தலையாட்டி இறக்கை விரித்து ஆடினால்தான் அவற்றுக்குக் கூடு கட்டும் எண்ணமே வரும். சின்னக் கூட்டம் வைத்திருக்கிற சில மிருகக்காட்சிசாலைகள் என்ன செய்தன தெரியுமா? பெரிய கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தின. பறவைகள் தங்கள் பிம்பங்களையும் சேர்த்து எண்ணிவிட்டன.

இத்தனையும் வேலிக்குள் நடப்பவை. வேலிக்கு வெளியேயும் மிருகங்களை இடம் மாற்றுகிறார்கள். அது எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பது. ஊருக்குள் வந்து தொல்லை தரும் அலியன் யானையை மயக்கி, கயிறு கட்டி, லொறியில் ஏற்றித் தூரத்துத் தேசியப் பூங்கா ஒன்றில் இறக்கிவிடுவார்கள். ஊர் நிம்மதியாக மூச்சு விடும். யானை என்ன செய்யும் என்று முன்பெல்லாம் யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்ற இலங்கை விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் அதைப் பார்த்து 2012இல் எழுதினார்கள். இடம் மாற்றிய 12 ஆண் யானைகளின் கழுத்தில் செய்மதிப் பட்டி கட்டினார்கள். இரண்டு யானைகள் விட்ட பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாம் பூங்காவை விட்டு வெளியே வந்துவிட்டன. சில நேரே தங்கள் பழைய ஊருக்கே திரும்பின. சில எங்கெங்கோ அலைந்தன. சில புதிய இடத்தில், ஆனால் பூங்காவுக்கு வெளியே, குடியேறின. தொல்லை குறையவில்லை, முன்பு இல்லாத ஊர்களுக்கும் பரவியது.

அதன் பிறகு, 'விட்டால் திரும்புகிறதே, அடைத்து வைப்போம்' என்று 2013இல் ஹொரவப்பொத்தானையில் ஏறக்குறைய 1,000 ஹெக்டெயர் காட்டைச் சுற்றி மின்சார வேலி போட்டார்கள். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியால் போனால் தூரமில்லை. கொண்டுவந்து விட்ட யானைகள் பல அந்த வேலியையும் உடைத்துக்கொண்டு போய்விட்டன. யானைக்கு ஊர் எது, வழி எது என்ற ஞாபகம் மிகப் பலம். அந்த ஞாபகத்துக்கு எந்த ஊசியும் இல்லை.

குட்டிகளின் கதை வேறு. உடவலவையில் 1995இல் தொடங்கிய இடைத்தங்கல் நிலையத்தில் தாயிழந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்க்கிறார்கள். பின்னவல மாதிரி மனிதரோடு பழக்குவதில்லை. பால் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குட்டிகள் தங்களுக்குள்ளேயே திரியும். ஐந்து வயது அளவில், ஒன்றோடொன்று சேர்ந்து திரியும் குட்டிகளைக் கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள். 1998இலிருந்து இதுவரை 100க்கு மேல் போயிருக்கின்றன. பழைய ஊர் என்று ஞாபகத்தில் ஒன்றும் இல்லாத வயதில் வந்தவை; கூட்டாளிகள் இருக்கிற இடமே அவற்றுக்கு ஊர். அப்படிப் போன பெண் குட்டிகள் சில இப்போது தாயாகிவிட்டன. குட்டியோடு பூங்காப் பாதை ஓரத்தில் நிற்பதைப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். பதிவில் தாயின் பெயர் இருக்கிறது. தகப்பன் யாரென்று தெரியாது. காட்டில் திரிந்த ஏதோ ஓர் அலியன்.